பந்தயக் காலத்தில் கேட்கக்கூடாத கேள்வி

என் பெயர் ஏகாம்பரம். தந்தையார் பெயர் கன்னியப்பன். அகவை எழுபத்து மூன்று நிறைந்து எழுபத்து நான்கு நடந்துகொண்டிருக்கிறது. பிறந்ததும் வளர்ந்ததும் இதே கொருக்குப்பேட்டை. இதை நான் முதலிலேயே முறைப்படி சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு, தம்பி. இந்தத் தெருவில் நீங்கள் யாரிடம் விசாரித்தாலும் 'புறாக்காரர்' என்பார்கள். ஏகாம்பரம் என்று ஒருவன் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

அமருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இந்த முக்காலியில் அமருங்கள். ஒரு ஜோடி வேண்டுமென்று கொளத்தூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் படியேறும்போது கீழ்வீட்டு அம்மாள் உங்களை நிறுத்தி ஏதோ சொன்னதை மேலிருந்து கவனித்தேன். "அந்தப் பறவைங்கதான்யா அவரு சம்சாரத்தைக் கொன்னுச்சு, அது எதுக்கு உனக்கு?" அதைத்தானே சொன்னார்? சிரிக்கிறீர்கள். ஆகவே அதைத்தான்.

வாயில்லா உயிர்களின் மேல் ஒரு பழி கிடக்கும்போது அவற்றை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது முறையன்று. ஆகையால் நடந்ததை நடந்தபடியே எடுத்துரைக்கிறேன். கேட்ட பிறகு தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். என் மகள் கோதை ஏற்கெனவே தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனவள் இன்றுவரை இந்த மாடிப்படி ஏறவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். கப்பல் வராத பொழுதுகளில் மற்றவர்கள் கீழே சீட்டாடுவார்கள். நான் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து படிப்பேன். நம் வட்டார நூலகத்தில் 'மருத்துவம்' என்று எழுதிய அலமாரியில் என் கை படாத நூல் கிடையாது. நூலகரே சில நேரம் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, என் மச்சானுக்கு இடுப்புல சுருக்குன்னு குத்துது, என்னவா இருக்கும்?" என்று கேட்பார். சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

என் மனைவியின் பெயர் ரஞ்சிதம். இந்தக் கூண்டுகளை முப்பத்தைந்து ஆண்டுகள் பெருக்கியவள் அவள்தான். பறக்கவிடுவது என் வேலை. பெருக்குவது அவள் வேலை. அவள் பெருக்கும்போது எச்சம் காய்ந்து தூளாகி வெயிலில் மாவு சலித்தது போல எழும்பும். அவள் முந்தானையை உதறிவிட்டு, "இதுங்களுக்குக் கம்பு, கடலை. எனக்கு ரேஷன் அரிசி. அடுத்த ஜென்மத்துல நானும் உன் கூண்டுல பொறக்கறேன்யா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். முழங்கால் வலி இருந்தது அவளுக்கு. மருந்துக் கடையில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள். விழுங்கினால் வலி பறந்துவிடும், முகம் மட்டும் சற்று உப்பும். இரண்டு ஆண்டுகளாக அதை விழுங்கி வந்தாள். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பு ஆற்றலைத் தின்றுவிட்டது என்று மருத்துவர்கள் பின்னர் சொன்னார்கள். பாருங்கள், பழிக்கு அங்கேயே ஒரு பங்குதாரர் கிடைத்துவிட்டார். அதை எவரும் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அவள் போன பிறகு நானே பெருக்குகிறேன். மூக்கில் துணி கூடக் கட்டுவதில்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது? நெஞ்சில் ஒரு கீறல் உண்டா?

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையோடு ரஞ்சிதத்துக்கு இருமல் வந்தது. மாலையானால் உடம்பு கணகணக்கும். விடியலில் ரவிக்கை வியர்வையில் நனைந்திருக்கும். வளையல் தானாக முழங்கைக்கு ஏறத் தொடங்கியது. இத்தனையையும் ஒருசேரக் கண்ட பிறகு நான் எந்த மருத்துவரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "ரஞ்சிதம், உனக்கு வந்திருப்பது காசநோய்" என்றேன்.

"இருமி முடிக்கறதுக்குள்ள பேரு வெச்சுட்டியாய்யா?" என்றாள்.

மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சளியைச் சோதித்தார்கள், கிருமி தென்படவில்லை. மறுபடியும் சோதித்தார்கள், அப்போதும் தென்படவில்லை. கிருமி தென்படாத காசநோயும் உண்டு என்று நூலில் இருக்கிறது. அதை அந்த மருத்துவருக்கு நான் எடுத்துக் கூறினேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரும் "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' என்பதை நான் 'இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டேன் என்பது கோதையின் வழக்கு. எது எப்படியோ, மாத்திரை தொடங்கியது.

அந்த மாத்திரைகளை நான் எப்படிக் கொடுத்தேன் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில், என் கையால், என் கண்முன்னால். அதற்குப் பிறகு அவித்த முட்டை. பத்து மணிக்குச் சாத்துக்குடிச் சாறு, கொட்டை நீக்கி. துறைமுகத்தில் ஒரு பெட்டியை இம்மி பிசகாமல் லாரியில் இறக்கியவன் நான். மனைவிக்கு மாத்திரை கொடுப்பதில் தவறுவேனா? ஒரு வேளை கூடத் தவறவில்லை. இருந்தும் அவள் மெலிந்துகொண்டே போனாள். பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கத் தெம்பில்லாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர்கள், இது காசநோய் போலத் தெரியவில்லை, கட்டி போலத் தெரிகிறது, புற்றாக இருக்கக்கூடும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு ரஞ்சிதம் அழவில்லை. "பரவால்லய்யா, பெரிய எடத்து வியாதி" என்றாள். நான்தான் இரண்டு நாள் சோறு உண்ணவில்லை. விலாவில் நீண்ட ஊசி செலுத்தித் தசை எடுத்தார்கள். முடிவு வந்தது: புற்று இல்லை. காசநோய் என்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. அப்படியானால் என்னதான் என்று கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. காசநோய்தான், மருந்துக்கு அடங்காத வகை என்று நான் தீர்மானித்தேன்.

அதன் பிறகுதான் டாக்டர் பெனிட்டா வந்தார். நுரையீரலுக்கென்றே படித்தவர். கோதையின் வயதுகூட இராது. ஸ்கேனைப் பார்த்தார். அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் படத்தைத்தான் பார்த்தார்கள். அந்த வேறுபாட்டை நான் அப்போதே குறித்துக்கொண்டேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா?

"ஐயா, கொஞ்சம் வேற மாதிரி கேள்வி கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுப் பக்கத்துல பாழடைஞ்ச கட்டடம், வௌவால் ஏதாவது இருக்கா?"

"இல்லை."

"அம்மா வயல்ல, சேத்துல வேலை செஞ்சிருக்காங்களா?"

"இல்லை."

"கோழி, கிளி, புறா, இப்படி ஏதாவது வளக்கறீங்களா?"

தம்பி, நீங்கள் புறாவுக்குப் புதியவர். ஆகவே இந்த இடத்தை விளக்கியாக வேண்டும். நாங்கள் வளர்ப்பது விடியலில் எழும்பி நாளெல்லாம் வானத்தில் நின்று மாலையில் சொந்த மாடியில் இறங்கும் பறவை. அதிக நேரம் நிற்பது எதுவோ அதற்கே வெற்றி. கோடையில் பந்தயம் நடக்கும். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து பறவை இறங்கும் நாள்வரை, அந்நியர் எவர் கேட்டாலும் வீட்டில் புறா இல்லை. உண்டு என்று வாயால் சொன்னால் பறவை தங்காது. எனக்குப் பறவை பழக்கிய வாத்தியார் மஸ்தான் பாய், தன் வீட்டில் பெண் எடுக்க வந்த சம்பந்தியிடமே "புறாவா? எந்த வீட்ல?" என்று கேட்டவர். அப்போது தலைக்கு மேலே இருபது பறவை குனுகிக்கொண்டிருந்தது. இது வட்டாரம் முழுவதும் நிலவும் ஒழுக்கம். சிரிக்க வேண்டாம்.

அவ்வாண்டு நான் பெயர் கொடுத்திருந்தேன். ஒரு சாம்பல் நிறப் பெட்டை. அதைப் போலொரு பறவை என் ஆயுளில் என் கூண்டில் பொரிந்ததில்லை. டாக்டர் கேட்ட நேரத்தில் ரஞ்சிதத்தின் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த ஆள் பின்னாலேயே நின்றார். வியாசர்பாடிக்காரர்; அங்கேயும் பந்தயப் புறா விடுகிறவர்கள் உண்டு. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லை" என்றேன்.

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். டாக்டர் அவளிடம் திரும்பி, "அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார்.

"அதான் அவரு சொல்லிட்டாரே" என்றாள் ரஞ்சிதம்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "டாக்டரம்மாகிட்டகூடச் சொல்லக் கூடாதாய்யா?"

"மருத்துவரும் அந்நியர்தானே? பறவை இறங்கட்டும்."

"எறங்கினப்புறம் சொல்லிடலாமா?"

"சொல்லலாம்."

"சரி. அதுவும் என் கையால தின்னதுதானே, ஜெயிக்கட்டும்."

இதில் நான் அவளைக் கட்டாயப்படுத்தியதாக எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் அவளுக்குத் தலைவலி கண்டது. சாதாரணத் தலைவலி அன்று. சுவரில் முட்டிக்கொள்வாள். என்னைப் பார்த்து, "ரெண்டு பேரா நிக்கறய்யா" என்பாள். வாந்தி எடுத்தாள். மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் பெனிட்டா என்னைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"ஐயா, இந்தத் தலைவலி எனக்குப் பிடிக்கல. நெஞ்சுல இருக்கறது மூளைக்கு ஏறுதோன்னு பயமா இருக்கு. காசநோய் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வர்ற வியாதி நெறைய இருக்குய்யா. படத்துல பாத்தா வித்தியாசமே தெரியாது. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுடும். நல்லா யோசிச்சு சொல்லுங்க. பறவைங்க ஏதாவது?"

நான் நன்றாகவே யோசித்தேன். "காகம் வரும். அமாவாசைக்குச் சோறு வைப்போம்" என்றேன். அதையும் அந்தப் பெண் எழுதிக்கொண்டார். பொய் சொல்லவில்லை நான். காகம் வரத்தான் செய்யும்.

அதோடு, காசநோயே மூளைக்கு ஏறுவதுண்டு என்பதை அவருக்கு நினைவூட்டினேன். நூலின் பெயரையும் சொன்னேன். "நீங்க சொல்றதும் நடக்கும்யா" என்றார், பொறுமையாக. "அப்ப முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்துடலாம். எதுன்னு அதுலயே தெரிஞ்சுடும். கையெழுத்துப் போடுங்க."

முதுகில் ஊசி ஏறினால் கால் விளங்காமல் போகும் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எங்கள் துறைமுகத்தில் ஒருவர் அப்படித்தான் ஆனார். நூல்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் கண்டது கண்டதுதானே? "ஞாயிற்றுக்கிழமை கழியட்டும். திங்கட்கிழமை கையெழுத்திடுகிறேன்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை என்னங்கய்யா?"

"குடும்பத்தில் ஒரு விசேஷம்."

சனி இரவு கோதை கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். தாயைப் பார்த்ததும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மருத்துவமனையில் அவள் தங்கினாள். நான் வீட்டுக்கு வந்தேன், பறவைக்கு.

ஞாயிறு விடியலில் பெட்டையை எழுப்பிவிட்டேன். நேரம் குறிக்க வந்த அம்பயர் தாஸ் இதோ நீங்கள் அமர்ந்திருக்கும் முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பறவை மேலே நிற்கும்வரை வீட்டுக்காரர் கைபேசியைத் தொடக் கூடாது. தொலைவில் ஆள் வைத்துத் தில்லுமுல்லு செய்வார்கள் என்பதற்காக ஏற்பட்ட விதி. ஆகவே என் கைபேசி அம்பயரின் சட்டைப் பையில் இருந்தது. வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. பெட்டை ஒரு புள்ளியாக நின்றது, தம்பி. கண்ணை எடுத்தால் மறுபடி பிடிக்க முடியாத புள்ளி. உச்சி வெயிலில்கூட அது சிறகு தாழ்த்தவில்லை. மற்ற மாடிகளில் பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. தாஸ் தம் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "ஏகாம்பரம், இந்த வருசம் உன்னுதுதான்யா. வேற எவனும் கிட்ட நிக்க முடியாது" என்றார்.

மூன்று மணிவாக்கில் அவர் பையில் கைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"யப்பா, உன் பொண்ணுப்பா" என்றார் தாஸ். "ஆஸ்பத்திரி விசயம். எட்றா. நான் ஒண்ணும் எழுத மாட்டேன்."

எடுத்தேன்.

"நைனா" என்றாள் கோதை. "டாக்டர் என்கிட்ட பறவை வளக்கறீங்களான்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க வீட்ல மனுசங்களைவிடப் புறாதான் டாக்டர் ஜாஸ்தின்னு சொன்னேன். அவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. உங்க அப்பா இல்லன்னு சொன்னாரேன்னாங்க. ஏன் நைனா? ஏன் இல்லன்னு சொன்னே?"

"பறவை மேலே இருக்கிறது. இப்போது பேசாதே" என்றேன்.

"அம்மாவுக்கு நெனவு தப்பித் தப்பி வருது நைனா."

"ஊசிக்கு நீ கையெழுத்துப் போட்டுவிடு" என்றேன். ஆம், சொன்னேன். அதைக் கோதை எவரிடமும் சொல்வதில்லை.

"போட்டாச்சு" என்றாள். வைத்துவிட்டாள்.

கைபேசியைத் தாஸிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். புள்ளி இல்லை.

வல்லூறு எதுவும் வரவில்லை. காற்றும் இல்லை, மேகமும் இல்லை. பாய் சொன்னது எத்தனை உண்மை என்று பாருங்கள். அங்கே மருத்துவமனையில் 'புறா இருக்கிறது' என்ற சொல் வாயைவிட்டு வெளியே வந்தது. இங்கே பறவை தங்கவில்லை. இதைத் தற்செயல் என்று நூல் படித்த நானே சொல்ல மாட்டேன்.

இருட்டும்வரை காத்திருந்தோம். கண் தெரியாமல் போன பிறகு தாஸ் என் தோளைத் தட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போய்யா, நான் கூண்டைப் பூட்டிட்டுப் போறேன்" என்றார். பறவை இருட்டிலும் வருவதுண்டு. விளக்குப் போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் போனேன். முந்தின மாலையே முதுகில் நீர் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவுக்குக் காத்திராமல், டாக்டர் பெனிட்டா மஞ்சளாக ஒரு மருந்தை இரவே ஏற்றத் தொடங்கிவிட்டார். "இது வாரக் கணக்குல போகணும்யா" என்றார். "ஆரம்பிச்சிருக்கோம்." அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

கோதை எழுந்து வெளியே போய்விட்டாள். நான் கட்டிலருகே அமர்ந்தேன். ரஞ்சிதத்தின் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. கையைப் பிடித்தேன். யார் என்று தெரிந்துகொண்டாள்.

"எறங்கிச்சாய்யா?" என்றாள்.

"இறங்கிவிட்டது" என்றேன்.

"அப்ப டாக்டரம்மாகிட்ட சொல்லிடு" என்றாள்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. மாலையில் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மூலகொத்தளம் மயானத்துக்குக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்தோம். பகலில் மருத்துவமனையிலிருந்து வரச் சொன்னார்கள். கோதை அறைக்குள் வர மறுத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் போனேன். டாக்டர் பெனிட்டா பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்தப் பெயரை நான் மனனம் செய்திருக்கிறேன்: கிரிப்டோகாக்கஸ். ஒரு பூஞ்சை. புறா எச்சம் காய்ந்த தூளில் வாழ்வது. மூச்சோடு போய் நெஞ்சில் தங்கி, காசநோய் போல் இருமச் செய்து, புற்றுப் போல் கட்டியாகத் தோன்றி, பிறகு மூளைக்கு ஏறுவது. மருந்து உண்டா என்று கேட்டேன். "இருக்குய்யா" என்றார். "கோடைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால்?" என்று கேட்டேன். அறிக்கையை மடித்து உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"நாம தேடினது இதுதான்யா" என்றார். 'நாம' என்றார், தம்பி. என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

பாருங்கள், அதே தூளை நானும்தான் மூச்சில் இழுக்கிறேன். பூஞ்சை இருந்தது என்று அறிக்கை சொல்கிறது. என் புறாவிடமிருந்து வந்தது என்று அதில் ஒரு வரி உண்டா? ஊரெங்கும் புறா இருக்கிறது, ரயில் நிலையத்தில் இல்லையா? ஆனாலும் நான் நூல் படித்தவன், அறிக்கையை மறுக்க மாட்டேன். ரஞ்சிதத்துக்கு வந்தது காசநோய் அன்று, புற்றும் அன்று. அவளுக்கு வந்த நோய் இன்னதென்று ஐயத்துக்கு இடமின்றி முடிவான நாள், இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.